போஸ்ட்கிரெஸ் இணைப்பில் பிரைவேட் கீ ஃபைல்: பாத் சரி, ஆனாலும் எரர் ஏன்?

கிளையண்ட் சர்டிபிகேட் கேட்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர், கனெக்ஷன் செட்டிங்கில் எஸ்எஸ்எல்கீ என்ற இடத்தில் பிரைவேட் கீயின் பாத் கொடுத்தாயிற்று, ஃபைலும் அங்கேயேதான் இருக்கிறது, ஆனாலும் பிஎஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸின் கமாண்ட் லைன் கருவி) கனெக்ட் ஆகவில்லை என்கிறீர்கள். எரர் வரியில் ‘குரூப் ஆர் வேர்ல்ட் ஆக்சஸ்’ என்று ஒரு துண்டு வருகிறதா பாருங்கள். வந்தால் பாத்தைக் குடைவதை விட்டுவிடுங்கள், கோளாறு பெர்மிஷனில்.

சர்டிபிகேட்டை ஊருக்கே காட்டலாம், கீ அப்படியில்லை. அதே மெஷினில் இருக்கும் வேறொருவர் அதைப் படிக்க முடிந்தால் உங்கள் பெயரில் உள்ளே போய்விடலாம் என்பதால், உங்களுக்குச் சொந்தமான கீ ஃபைல் 644-இல் (யாரும் படிக்கலாம் என்ற பெர்மிஷன்) இருந்தால் போஸ்ட்கிரெஸ் அதைத் தொடவே தொடாது. பெர்மிஷனை மாற்றும் சிஎச்மோட் கமாண்டில் 600 (உங்களுக்கு மட்டும் படிக்க, எழுத அனுமதி) போட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்து வேலை செய்கிறேன், கீ கிடந்தது சி டிரைவில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில். சிஎச்மோட் 600 அடித்தேன், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது, எல்எஸ் போட்டுப் பார்த்தால் அப்போதும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும்! சி டிரைவ் அங்கே மவுண்ட் ஆகியிருக்கும் விதத்தில், லினக்ஸ் பெர்மிஷனைச் சேமித்து வைக்கும் மெட்டாடேட்டா ஆப்ஷனைப் போட்டாலொழிய, சிஎச்மோட் பேச்சுக்குத்தான். இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. கீயை லினக்ஸ் பக்கத்து ஹோமுக்குக் காப்பி செய்து, அங்கே 600 போட்டதும் சரியாகிவிட்டது. பக்கத்து சீட்டில் நேரடியாக விண்டோஸிலிருந்து கனெக்ட் செய்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை, அங்கே போஸ்ட்கிரெஸ் பெர்மிஷனைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, ஹோமில் புள்ளி போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற ஃபோல்டருக்குள் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.சிஆர்டி, போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கீ என்ற பெயரிலேயே இரண்டையும் வைத்துவிட்டால் பாத் கொடுக்கவே வேண்டாம், தானாக எடுத்துக்கொள்ளும். கீக்குப் பாஸ்வேர்டு இருந்தால் எஸ்எஸ்எல்பாஸ்வேர்டில் கொடுக்கலாம், அது 13-ஆம் பதிப்பில்தான் வந்தது. ஜாவாவிலிருந்து வருகிறீர்கள் என்றால் கதை வேறு, கீயை ஓபன்எஸ்எஸ்எல் வைத்து பிகே8 என்ற ஃபார்மட்டுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கம்.

600 போட்டும் அடம்பிடித்தால், கீயும் சர்டிபிகேட்டும் ஜோடிதானா என்று பாருங்கள், புதுப்பிக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கீயை அப்படியே விட்டிருப்போம். இரண்டிலிருந்தும் பப்ளிக் கீயை எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அப்புறமும் வந்தால் எரர் வரியை முழுசாக இங்கே போடுங்கள். கீயைப் போட்டுவிடாதீர்கள், போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.