வாசகர் கேள்விகள்: அழகர்மலைக் குரங்கும் மேகமலைக் கருமந்தியும்

பழமுதிர்சோலைக்கு ஏறும் வழியில் ஒரு குரங்கு என் மகளைப் பார்த்து இளித்தது. அவளும் சிரித்தாள். உடனே பாய்ந்து தோசைப் பொட்டலத்தைப் பிடுங்கிவிட்டது. சிரித்த குரங்கு ஏன் பாய வேண்டும்?
(வாசகி, மேலூர்)

அது சிரிப்பே இல்லை. அழகர்மலையில் நீங்கள் பார்ப்பது நாட்டுக் குரங்கு. உச்சந்தலை மயிர் நடு வகிடு எடுத்த மாதிரி சுற்றிலும் படிந்திருக்கும். வால் உடம்பைவிட நீளம். உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்வரிசையைக் காட்டினால் அது பயந்திருக்கிறது, அல்லது அடங்கிப் போகிறது. வாயை 'ஓ' என்று திறந்து, புருவத்தைத் தூக்கி, கண்ணெடுக்காமல் பார்த்தால் மிரட்டல். பெரிய கடுவன் (ஆண் குரங்கு) கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்று எண்ண வேண்டாம்; பெரும்பாலும் கோரைப்பல்லைக் காட்டி எச்சரிக்கிறது. உதட்டைச் சப்புக்கொட்டினால்தான் சிநேகம்.

மகள் சிரிக்காமல் இருந்திருந்தாலும் பொட்டலம் தப்பியிருக்காது என்பதே என் எண்ணம். குரங்கின் குறி சாப்பாட்டின் மேல். இரண்டு கன்னத்திலும் பை உண்டு; இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய இரைப்பை அளவுக்கு அடைத்துக்கொள்ளும். அதனால் பிடுங்கிய இடத்தில் நின்று தின்ன வேண்டியதில்லை. மரத்தில் ஏறி உட்கார்ந்ததும் புறங்கையால் கன்னத்தை அழுத்தி அழுத்தி வாய்க்குள் தள்ளி மென்றுகொண்டிருப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

கேரி பேக் சரசரத்தாலே சாப்பாடு என்று அவற்றுக்குப் புரிந்துவிடும். ஜிப் பையில் வைத்து முன்பக்கம் மாட்டுங்கள். பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். பதிலுக்கு இழுத்தால்தான் கடி விழும். ஒன்றும் கையில் இல்லாதபோது இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, கண்ணைப் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். ஓடக் கூடாது. குட்டியைத் தொடவே கூடாது: பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுசுக்கும் இருப்பவை, குட்டி கத்தினால் தாயோடு பாட்டி, சித்தி என்று மொத்தக் குடும்பமும் இறங்கும்.

திருப்பரங்குன்றத்தில் குரங்கு பிறாண்டி லேசாக இரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். போதுமா?
(வாசகர், திருநகர்)

போதாது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிறகு பெட்டடின் போன்ற கிருமிநாசினி. இறுக்கிக் கட்டாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இப்போது நாள் கடந்திருந்தாலும் போகத்தான் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள். இரத்தம் வந்திருப்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும்) மருந்தும் தேவைப்படும், டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசியைப் பற்றியும் கேளுங்கள். கடித்த விலங்கு பத்து நாள் நலமாக இருக்கிறதா என்று கவனித்து ஊசியை நிறுத்தும் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். குரங்குக்குச் செல்லாது.

மேகமலையில் கறுப்புக் குரங்குகளைப் பார்த்தோம். கருமந்தியா, சிங்கவாலா?
(வாசகர், உசிலம்பட்டி)

வாலையும் முகத்தையும் பாருங்கள். முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் குஞ்சம் என்றால் சிங்கவால் குரங்கு, அதாவது சோலைமந்தி. பழம், பூச்சி தேடும், வெடிப்பலா என்ற காட்டு மரத்தின் பழத்துக்கு அலையும். உடம்பு கறுத்து, தலை மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பாக, குஞ்சமில்லாத நீள வாலோடு, காடதிர 'ஹூ ஹூ' என்று கூப்பிட்டால் கருமந்தி. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லை.

கருமந்திக்குக் கன்னப்பை கிடையாது. அதன் வயிறு பல அறைகளாகப் பிரிந்தது. இலையை நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் செரிக்கும். அந்த வயிற்றில் பிஸ்கட்டும் ரொட்டியும் போனால் சட்டென்று புளித்து அமிலம் ஏறிவிடும். ஆசையாகக் கொடுப்பது அதற்குக் கெடுதல்தான். (கருங்குரங்கு லேகியத்துக்காக வேட்டையாடப்பட்டது இந்த மந்திதான். அதன் கறியில் எந்த மருந்தும் இல்லை.)

தேவாங்கும் குரங்குதானே?
(மாணவி, நத்தம்)

இல்லை. இரண்டும் முதனி இனத்தவை (குரங்கு, மனிதன் எல்லாம் அடங்கும் பெரிய குழு), ஆனால் தேவாங்கு மடகாஸ்கர் தீவில் வாழும் லெமூரின் பக்கத்து உறவு. ஈர மூக்கு, இரவு நடமாட்டம், பூச்சி உணவு. வால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்றே 2022இல் கடவூர் மலைப்பகுதியில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

யானைமலைக் குரங்குகள் மாடித் தொட்டி மூடியைத் திறந்து குளிக்கின்றன. கூண்டு வைத்துப் பிடிக்கலாமா?
(வாசகர், ஒத்தக்கடை)

வனத்துறை அனுமதியில்லாமல் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடித்து வேறு காட்டில் விட்டாலும் பயனில்லை: விட்டவை அங்குள்ள ஊருக்குள் இறங்கும், காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வரும். வெடிச் சத்தம் சில நாள் பலிக்கும், பிறகு பழகிவிடும்.

திருகி மூடும் மூடி போட்டு, அதையும் சங்கிலியால் பூட்டுங்கள். கல்லை ஏற்றி வைத்தால் தள்ளிவிடும். மாடிக்கு மேல் கவியும் கிளைகளைக் கழியுங்கள். சமையலறை ஜன்னலுக்கு நைலான் வலை கிழிந்துபோகும், இரும்பு வலை அடியுங்கள். குப்பையை வண்டி வந்த பிறகு வெளியே எடுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது தினமும் பழம் வைக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அதை நிறுத்தாமல் மற்றதைச் செய்தால் காசுதான் வீண்.