மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் இல்லை: ஹோம் கேர் ஏஜென்சி மீது அக்கா புகார் கொடுக்க முடியுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. அறிவுசார் குறைபாடு, 75 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. ஒன்றிரண்டு சொல்தான் பேசுவான். அப்பா இல்லை. மதுரையில் 70 வயது அம்மாவோடு இருக்கிறான். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். ஓர் ஏஜென்சி மூலம், தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். மாதம் 24,000 ரூபாய், ஒரு மாத அட்வான்ஸ். நான்கு மாதத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். இப்போது இருப்பவர் எந்நேரமும் போனில்தான். தம்பி கையில் ஒருமுறை கன்றிய தடம் இருந்தது. பகலிலேயே தூங்கி வழிகிறான். படுக்கையை நனைக்கிறான் என்று மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் கொடுப்பதில்லையாம். நான் போனால் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுக்கிறான். மேனேஜரிடம் கேட்டேன். "இது எங்கள் நடைமுறை, எல்லாருக்கும் இப்படித்தான்" என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டார். அட்வான்ஸைக் கேட்டால், "நீங்கள் கார்டியன் இல்லை, ஒப்பந்தம் அம்மா பெயரில், தகராறு என்றால் பெங்களூரில் ஆர்பிட்ரேஷன்" (நீதிமன்றத்துக்கு வெளியே தனி நடுவர் விசாரணை) என்கிறார். அம்மாவோ, "வேற ஆள் கிடைக்காது, பெருசு பண்ணாதே" என்கிறார். அட்வான்ஸை வாங்க என்ன வழி?

பதில்: அட்வான்ஸ் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, தண்ணீர் கொடுப்பதில்லை என்று, அதுதான் இதில் மிகப் பெரிய விஷயம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 92-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், வேண்டுமென்றோ தெரிந்தோ அவருக்கு உணவையோ நீரையோ மறுத்தால், அது குற்றம். குறைந்தபட்சம் ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. அடித்தால்தான் கொடுமை என்று நினைக்கிறோம். சட்டம் ஒரு டம்ளர் தண்ணீரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பராமரிப்பாளர் என்றால் யார் என்பதற்கும் அந்தச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. சம்பளத்துக்குப் பார்ப்பவரும் அதில் வருவார், சம்பளமில்லாமல் பார்க்கும் உறவினரும் வருவார்.

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இரவில் படுக்கை நனைவதற்காக மாலையில் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? அப்படி இருந்தால் கதை வேறு. அப்படி ஒரு சீட்டு இல்லையென்றால், துணி மாற்றும் வேலை மிச்சமாகட்டும் என்று ஒரு மனிதனைத் தாகத்தில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். தெரியாமல் நடந்துவிட்டது என்று தப்பிக்கவும் வழியில்லை. "எங்கள் நடைமுறை" என்று மேனேஜரே எழுத்தில் கொடுத்துவிட்டார். ஒரு நிறுவனம் இந்தச் சட்டப்படி குற்றம் செய்தால், அதன் பொறுப்பில் இருப்பவர்களும் குற்றவாளிகளே என்கிறது 90-ஆம் பிரிவு. அதனால் புகாரில் அந்த அட்டெண்டர் பையன் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள். அவர் உள்ளே போனால் ஏஜென்சி இன்னொரு பையனை அதே 'நடைமுறை'யோடு அனுப்பும். ராத்திரி பகலாக ஒரே ஆளைத் தங்க வைத்து, பயிற்சியும் கொடுக்காமல் அனுப்பியது யார் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

போலீஸுக்கு முன் மருத்துவமனைக்குப் போங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையானால் நல்லது. கையில் தடம் இன்னும் இருந்தால் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி நகல் வாங்குங்கள். நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பகல் தூக்கத்தைச் சொல்லி, தூக்க மருந்துக்கான பரிசோதனையும் கேளுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் உடம்பிலிருந்து தடயம் போய்விடும். மாத்திரை அட்டைகளை எண்ணி, மருந்துச் சீட்டோடு ஒத்துப்பாருங்கள். எழுதிக் கொடுக்காத மயக்க மருந்தைத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு கொடுத்தது நிரூபணமானால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை தண்டனை உண்டு. பரிசோதனை முடிவு வரும்வரை அந்தக் குற்றச்சாட்டைச் சந்தேகம் என்ற அளவில் மட்டும் எழுதுங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி போதும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் விஷயத்தையும் சேர்த்து ஆட்டம் காண வைப்பார்.

அதே சன்ஹிதாவின் 357-ஆம் பிரிவு, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதைக் குற்றமாக்குகிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு அபராதம் 200 ரூபாய்தான்! எந்நேரமும் போனிலேயே இருப்பது அந்தப் பிரிவில் வரலாம். ஆனால் போலீஸ் நேரடியாக வழக்குப் போடக்கூடிய குற்றம் அல்ல. எனவே அதை முன்னே வைக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92-ஆம் பிரிவு அப்படியல்ல. அதற்கு முதல் தகவல் அறிக்கை போடலாம். புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு வழக்கைப் பதியாமல் இழுத்தடித்தால், புகாரின் நகலைக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

"நீங்கள் கார்டியன் இல்லை" என்பது வெறும் பூச்சாண்டி. 2016 சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் நிர்வாக நடுவருக்குத் தகவல் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கொடுக்கலாம், அக்காவுக்கு என்ன தடை? அந்த அதிகாரம் உள்ள கோட்டாட்சியரின் அலுவலகத்தில் மனு கொடுங்கள். கொடுமையை உடனே நிறுத்த அவர் உத்தரவிட முடியும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும்.

ஆனாலும் கார்டியன் நியமனம் உங்களுக்கு வேறொரு காரணத்துக்காகத் தேவை. அம்மாவுக்கு 70 வயது. 18 வயதைத் தாண்டிய மகனுக்குத் தாய்கூடத் தானாகச் சட்டப்படியான கார்டியன் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பித்து நியமனம் பெறலாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் ஏமாறாதீர்கள். 2017-இல் வந்த அந்தச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோய்க் கணக்கில் சேர்க்கவில்லை.

தம்பிக்குப் பேச்சு வராதே, சாட்சி யார் என்று கேட்பீர்கள். கேள்வியைப் புரிந்துகொண்டு தன் வழியில் பதில் சொல்ல முடிகிற எவரும் சாட்சி சொல்லலாம். பேச முடியாதவர் சைகையில் சொல்வதும் சாட்சியம்தான். சிறப்பு ஆசிரியரின் உதவியோடு வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சாட்சியச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுத்திறனாளியின் சாட்சியம் என்பதாலேயே அதைத் தரம் தாழ்த்திப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுக்கிறானே, அதை நீங்கள் பார்த்த தேதிகளோடு எழுதி வையுங்கள். ஆனால் "அந்த அண்ணன் தண்ணி தரலைன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். வீட்டில் கேமரா இருந்தால், பழைய பதிவின் மேல் புதியது ஏறுவதற்குள் பிரதி எடுங்கள். இனிமேல் வைப்பதானால் கூடத்தில் வையுங்கள், குளியலறைப் பக்கம் வேண்டாம். அவனுக்கும் மானம் உண்டு.

சரி, அட்வான்ஸ். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பணம் கொடுத்த அம்மா நுகர்வோர். அவர் சம்மதத்தோடு சேவையைப் பெற்ற தம்பியும் நுகர்வோர்தான். வழக்கை அம்மா பெயரிலேயே போடுங்கள். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது. 2018-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பெங்களூருக்கும் போக வேண்டாம். அம்மா குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட ஆணையத்தில் போடலாம், இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தேகூட. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. அட்வான்ஸோடு நிற்காமல் சேவைக் குறைபாட்டுக்கு நஷ்டஈடும் கேளுங்கள். அதற்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள்; மேனேஜரின் வாட்ஸ்அப் பதிலை அதில் அப்படியே எடுத்துப் போட்டால், அட்வான்ஸ் ஒருவேளை அந்த வாரமே வந்துவிடும். வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் "இனி எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதிய காகிதத்தில் அம்மா கையெழுத்துப் போடக் கூடாது.

அம்மாவின் பயம் நியாயமானதுதான். அந்த ஆளை நிறுத்தும் நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள் என்பதை முடிவு செய்துவிட்டுப் புகாரை நீட்டுங்கள். ஒரு வாரம் லீவு போட்டு நீங்களே போய் இருப்பது உத்தமம். அடுத்து வரும் ஆளுக்குப் போலீஸ் சரிபார்ப்பு கேளுங்கள். எந்த மணிக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு தண்ணீர், எந்த மாத்திரை என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டு ஒன்றை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வக்கீல் செலவு பற்றிக் கவலை இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் மதுரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தம்பியின் மாற்றுத்திறனாளி அட்டை, ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீதுகளோடு நேரில் போங்கள்.