முழுக் காப்புறுதி போட்டும் முழுப் பணம் வரவில்லை

கேள்வி: வீதி வேலை கொந்தராத்து எடுப்பவன் நான். லீசிங்கில் எடுத்த என் டிப்பர், சென்ற மாதம் பதுளை வீதியில் மாட்டுக்கு விலத்தப் போய் ஒரு வீட்டு மதிலில் மோதிவிட்டது. மதிலுக்கு அந்த இடத்திலேயே 45,000 ரூபா கொடுத்துச் சமாதானமானோம். டிப்பரின் முன்பக்கம் திருத்த 4 இலட்சம். கம்பனி 3 இலட்சத்துக்கும் குறைவாகத்தான் தருமாம், மதில் காசு கிடையாதாம். முழுக் காப்புறுதிதானே போட்டிருக்கிறேன்?
- வாசகர், செங்கலடி

பதில்: முதலில் பொலிஸியில் டிப்பருக்கு என்ன பெறுமதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஓடிய லொறி, டிப்பர்களின் விலையும் எங்கோ ஏறிவிட்டது. கட்டுப்பணம் கூடுமே என்று பலர் பழைய பெறுமதியிலேயே புதுப்பித்துக்கொண்டு வருகிறார்கள். சந்தை விலை 80 இலட்சம், பொலிஸியில் 60 இலட்சம் என்று வையுங்கள். நாலில் மூன்று பங்குக்குத்தான் காப்புறுதி இருக்கிறது. அதனால் சேதத்திலும் அதே பங்குதான் தருவார்கள்: 4 இலட்சச் சேதத்துக்கு 3 இலட்சம். அதிலும் நீங்கள் பொறுக்கவேண்டிய முதல் தொகையைக் கழிப்பார்கள்.

கணக்கு இதுதான் என்றால் முறையைப் பிழை சொல்ல முடியாது. ஆனால் கம்பனி போட்ட சந்தை விலை எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். ஓடிக் களைத்த டிப்பருக்கு அந்த விலை வராதென்றால் வேறொரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை எடுத்து அனுப்புங்கள். நான் சொன்ன உதாரணத்தில் 80 இலட்சம் 70 இலட்சமாக இறங்கினாலே உங்களுக்கு 40,000 ரூபாவுக்கு மேல் கூடும்.

மதில் காசுதான் கவலை. ஊரில் அப்படித்தான் பேசித் தீர்ப்போம், நல்ல மனதோடுதான் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் கம்பனியைக் கேட்காமல் பிழையை ஒப்புக்கொண்டு பணம் கொடுக்கக்கூடாது என்பது மோட்டார் பொலிஸிகளில் வழமையான நிபந்தனை. மதில்காரரின் பற்றுச்சீட்டும் உடைந்த மதிலின் படமும் இருந்தால் அனுப்பிப் பாருங்கள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று. அன்றைக்கு ஏற்றிய கிறவல் உங்கள் வேலைக்கா, இன்னொருவருக்கு நாள் வாடகைக்கா? சொந்தப் பொருள் ஏற்ற என்று எடுத்த பொலிஸியில் வாடகைக்கு ஓடினால் கோரிக்கையையே மறுக்க இடமுண்டு. படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். லோட் துண்டில் யார் பெயர் என்று பார்க்கத்தான் செய்வார்கள்.

எந்த நிபந்தனையின் கீழ் எவ்வளவு குறைத்தார்கள் என்பதைக் கடிதமாகக் கேளுங்கள், தொலைபேசிப் பேச்சு போதாது. அது வரும்வரை 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். பதில் சரியில்லையா, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. காப்புறுதியை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் தமிழிலேயே முறைப்பாடு எழுதலாம். கராஜில் கழற்றிய பம்பரையும் லைட்டையும் விவகாரம் முடியும்வரை எறிய விடாதீர்கள்.