எதைத் தீர்மானிக்கப் போகிறோம்? செயல்முறை ஆராய்ச்சி: கேள்வி பதில்

செயல்முறை ஆராய்ச்சி (Operations Research) பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கல்லூரியில் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டதுதான் நினைவிருக்கிறது. நிஜத்தில் இது எதற்குப் பயன்படும்?

ஆள், இயந்திரம், நேரம், பணம் எல்லாமே அளவோடுதான் இருக்கின்றன. அவற்றை எப்படிப் பங்கிட்டால் நல்லது என்று எண்ணிப் பார்த்துச் சொல்வதுதான் இது. இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலைக் கடந்த சரக்குக் கப்பல்கள், ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து, காவல் கப்பல்களோடு கூட்டமாகப் போயின. கூட்டம் பெரிதானால் ஆபத்தும் கூடும் என்று பலரும் நினைத்தார்கள். பிரிட்டனில் இயற்பியலாளர் பாட்ரிக் பிளாக்கெட்டின் குழு பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. ஒரு தாக்குதலில் மூழ்கும் கப்பல்களின் எண்ணிக்கை கூட்டத்தின் அளவோடு சேர்ந்து ஏறவில்லை. கூட்டம் இரண்டு மடங்கானாலும் காவல் காக்க வேண்டிய சுற்றெல்லை சுமார் 1.4 மடங்குதான் ஆகிறது. அப்படியென்றால் பெரிய கூட்டமே மேல். புதிதாக ஒரு கப்பல்கூடக் கட்டாமல், இருப்பவற்றைச் சேர்த்து அனுப்பியே இழப்பின் விகிதத்தைக் குறைக்க முடிந்தது.

கேள்வி: எங்கள் சேவை மையத்தில் ஊழியர்கள் நாள் முழுக்க ஓய்வில்லாமல் வேலை செய்கிறார்கள். ஆனாலும் காத்திருப்பு தாங்க முடியவில்லை என்று புகார் வருகிறது. எங்கே தப்பு?

அந்த ஓய்வில்லாமையில்தான். எனக்கு அதிகம் வந்த கேள்வியும் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே ஒரு கவுன்டர், ஒருவரைக் கவனிக்கச் சராசரியாக 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் நினைத்த நேரத்தில் வருகிறார்கள், வேலையின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி, கவுன்டர் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 90 சதவீதமானால் 45 நிமிடம். 95 சதவீதமானால் 95 நிமிடம்! 90-க்கு மேல் இன்னொரு 5 சதவீத ஓய்வைப் பறித்ததும் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. காலையில் ஆளில்லாமல் வீணான 10 நிமிடத்தைச் சேமித்து வைத்து மாலைக் கூட்டத்துக்குச் செலவழிக்க முடியாது, அதனால்தான் இப்படி. ஊழியர் சும்மா இருக்கும் நேரத்தை நிர்வாகம் விரயம் என்று எழுதுகிறது. வாடிக்கையாளர் காத்திருக்காமல் இருப்பதற்கான விலை அது என்பேன்.

சரி, ஆள் சேர்க்க வழியில்லை என்றால்? கவுன்டருக்கு ஒரு வரிசை என்பதை மாற்றி எல்லாவற்றுக்கும் ஒரே பொது வரிசை வையுங்கள். ஒரு பக்கம் கூட்டம் நெரிய, இன்னொரு பக்கம் காலியாக இருக்கும் நிலை போய்விடும். நீண்ட வேலைகளுக்கு முன்பதிவு கொடுங்கள். ஏற்ற இறக்கம் குறைந்தாலே வரிசை சுருங்கும்.

கேள்வி: ஒரு ஆர்டர் எங்களிடம் எத்தனை நாள் கிடக்கிறது என்று அளக்க மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ஒன்று போதும்: உள்ளே நிற்பவை = வரும் வேகம் × தங்கும் நேரம். நாளுக்கு 30 ஆர்டர் வந்து 30 முடிகிறது, எந்த நாளில் எண்ணினாலும் சுமார் 240 உள்ளே இருக்கிறது என்றால், ஒவ்வொன்றும் சராசரியாக 8 நாள் தங்குகிறது.

கேள்வி: ஒரு முறைக்கு எவ்வளவு சரக்கு வாங்குவது? எங்களிடம் துல்லியமான புள்ளிவிவரம் கிடையாது.

துல்லியம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஃபோர்ட் ஹாரிஸ் 1913-இல் தந்த கணக்கில் இரண்டு செலவுகள்தான்: வாங்கும்போதெல்லாம் ஆகும் செலவு, இருப்பில் வைத்திருக்கும் செலவு. சரியான அளவைவிட ஒன்றரை மடங்கு வாங்கினாலும் இந்த இரண்டின் கூட்டுத்தொகை சுமார் 8 சதவீதமே ஏறுகிறது. உத்தேசக் கணக்கோடு ஆரம்பிக்கலாம்.

சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளுக்கு இது சரிவராது. அங்கே பலரும் சராசரி விற்பனையையே வாங்கிவிடுகிறார்கள். ஒன்று பற்றாமல் போனால் 3 பங்கு நஷ்டம், ஒன்று மிஞ்சினால் 1 பங்கு நஷ்டம் என்றால், நான்கு நாளில் மூன்று நாள் (3 ÷ (3 + 1)) பற்றாக்குறை வராத அளவை ஒவ்வொரு நாளும் வாங்க வேண்டும்.

கேள்வி: கணினி போட்டுத் தந்த உற்பத்தித் திட்டத்தைத் தொழிலாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். எப்படி ஏற்க வைப்பது?

ஏற்க வைப்பதற்கு முன், ஏன் ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள். பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1945-இல் 77 உணவுப் பொருள்களிலிருந்து, 9 சத்துத் தேவைகளை நிறைவு செய்யும் மிக மலிவான உணவைத் தேடினார். 1947-இல், கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த விடையைப் படிப்படியாகத் தேடும் ஜார்ஜ் டான்ட்சிக்கின் சிம்ப்ளக்ஸ் முறையில் அதே கணக்கை 9 எழுத்தர்கள் கையாலேயே போட்டார்கள், 120 ஆள்-நாள் ஆனது. விடை சரி. ஆனால் கோதுமை மாவும் முட்டைக்கோசும் காய்ந்த பயறும் நிறைந்த அந்தப் பட்டியலை யார் தினமும் சாப்பிடுவார்கள்? ருசி கணக்கிலேயே இல்லை.

எனக்கும் இது நடந்தது. சாயமிடும் இயந்திரங்களுக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தேன். கறுப்புக்கு அடுத்து வெள்ளை வந்தால் இயந்திரத்தை நெடுநேரம் கழுவ வேண்டும் என்பது அதில் இல்லை. முதல் நாளே ஒரு மேற்பார்வையாளர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். அவர் பக்கத்தில் மூன்று நாள் நின்று, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகும் வரிசையைக் கற்றுக்கொண்டு, அதைக் கட்டுப்பாடாகச் சேர்த்தேன். அப்புறம் அவரே அடுத்த வாரத் திட்டம் எங்கே என்று கேட்டார்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இது தேவையா?

தேவை. நாளை எத்தனை பேர் வருவார்கள் என்பதை அது கணித்துத் தரும். அதற்கு எத்தனை ஆள் போடுவது, யாரை எந்த ஷிஃப்டில் போடுவது என்பது தனிக் கேள்வி.

கேள்வி: எந்தக் கருவியில் பழகலாம்?

எக்ஸலில் இருக்கும், சிறந்த விடையைத் தேடித் தரும் சால்வர் போதும். 200 மாறிகள் (தீர்மானிக்க வேண்டிய எண்கள்) வரை தாங்கும். அதற்கு மேல் போனால் பைத்தான் நிரல் மொழியோடு, இதே வேலையைச் செய்யும் கூகுளின் ஓஆர்-டூல்ஸ், இலவசம்தான். ஆனால் கோப்பைத் திறக்கும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எதைத் தீர்மானிக்கிறேன், எது கூட வேண்டும் அல்லது குறைய வேண்டும், எது என் கையில் இல்லை. முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டால், அந்தத் தாளோடு வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.