உடைந்து வந்த மிக்சிக்குக் கும்பகோணத்திலிருந்தே புகார் செய்யலாமா?

ஆன்லைனில் வாங்கிய மிக்சி, ஒரு ஜார் விரிசல் விட்டும் மற்றொன்று இல்லாமலும் கும்பகோணத்துக்கு வந்திருக்க, விற்றவர் பெங்களூரில் இருப்பதால் என்ன செய்வதென்று கேட்டிருக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரை வைத்தே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே நீங்கள் அணுகலாம். பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

முதலில் அந்த இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-இன் மின்வணிக விதி. அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள்.

திருவாரூரில் எனக்கு வந்த கிரைண்டர் பெட்டியின் நசுங்கிய மூலையை, முகவரிச் சீட்டும் தெரியும்படி, பிரிப்பதற்கு முன்பே படமெடுத்து வைத்திருந்ததுதான் பணத்தை மீட்டுத் தந்தது. அட்டைப்பெட்டியைத் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.