காசிமேடு புத்தகத்தை விட்டுவிடாதீர்கள்

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த படங்களை வைத்து நீங்களே தைத்த புத்தகத்தில் தாள்கள் முதுகோரம், அதாவது தைத்த விளிம்போரம், நெளிகின்றன, மடிப்பில் மை வெடிக்கிறது, இதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடவே வேண்டாம். கோளாறு படங்களில் இல்லை. தாளில் நார் ஓடும் திசையில் இருக்கிறது.

கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதை ஏ5 ஆக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது, மை வெடிக்கிறது. நம்ம ஊர் ஈரக்காற்றில் தாள் உப்புவதும் நாருக்குக் குறுக்குவாட்டில்தான். உங்கள் புத்தகத்தில் அது முதுகு நெடுக வருகிறது; அங்கே தையலும் பசையும் இறுக்கிப் பிடித்திருப்பதால் நெளிகிறது.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பெரிய ஷீட்டாக வாங்குங்கள். இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எப்படிச் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவு முதுகுக்கு இணையாக வருமாறு வெட்டச் சொல்லுங்கள். பசையை மெல்லிசாகத் தடவி, ராத்திரி முழுக்க எடை வையுங்கள்.

அப்புறம், ஏலக் கூட்டத்துக்கு நடுவே வைத்திருக்கும் அந்தக் காலி மீன்கூடை படம் அருமை. அதை வலப்பக்கம் தனியாக விடுங்கள், எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். முதலில் ஜெராக்ஸ் பிரதிகளைத் தைத்து வரிசையைப் பாருங்கள். அது சரியான பிறகு நல்ல தாளுக்குப் பணம் போடலாம்.