தவளைத் தொட்டிக்கு அடியில என்ன போடுறது? கேட்டதுக்கெல்லாம் பதில்

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி: அக்கா, பக்மன் தவளை (வாய் பெரிய தென் அமெரிக்கக் கொம்புத் தவளை) ஒண்டு வாங்கினேன், கடையில சின்னச் சின்ன கலர் கல்லு போட்டுத் தந்தாங்க. ஓகேயா?

பதில்: இண்டைக்கே எடுத்துடுங்க தம்பி. பக்மன் பாயேக்க இரையோட சேர்த்து வாய்க்குள்ள அடங்கிற எதையும் விழுங்கிடும். கல்லு குடல்ல அடைச்சா சாப்பாட்ட விட்டுடும், வயிறு வீங்கும், கழிவு போகாது, அப்பிடி கண்டா வீட்டு வைத்தியம் பாக்காம மிருக வைத்தியர்ட்ட கொண்டு போங்க.

கொட்டாஞ்சேனை: அப்ப தேங்காய்த் தும்புத்தூள் போடலாமா? நேசரியில கட்டியா விக்கிறாங்க, விலையும் குறைவு.

பதில்: தாராளமா போடலாம், பக்மனுக்கு அதுதான் என்ட முதல் தெரிவு. ஆனா பாத்து வாங்குங்க, செடிக்கெண்டு விக்கிறதில சிலதில பசளை கலந்திருக்கும், அது வேணவே வேணாம். அடுத்தது உப்பு. தும்புத்தூள்ல இயற்கையாவே உப்பு இருக்கு, மட்டைய உவர்த்தண்ணியில ஊறப்போட்டிருந்தா இன்னும் கூட இருக்கும், அதால வாளியில ஊற வச்சு, நல்லா பிழிஞ்சு, அந்தத் தண்ணிய ஊத்திட்டு திரும்ப ஊற வைங்க, சாயத் தேத்தண்ணி மாதிரி வாற தண்ணி வெளிறும் வரைக்கும் செய்யணும். ஏன் இவ்வளவு சொல்றேன் எண்டா தவளை வாயால தண்ணி குடிக்கிறதில்ல, அடிவயித்துத் தோலாலதான் உறிஞ்சும், அது எதுல குந்தியிருக்கோ அதுதான் உடம்புக்குள்ள போகுது. கடைசியா ஒரு பிடி அள்ளி அமத்திப் பாருங்க, உருண்டையா நிக்கணும், தண்ணி ஓடக்கூடாது. கண்ணு மட்டும் வெளிய தெரிய புதைஞ்சிருக்கிற ஆள் அது, 3, 4 இஞ்ச் ஆழம் குடுங்க. இரைய இடுக்கியால குடுத்தா தூள் வாய்க்குள்ள போறதும் குறையும்.

தெஹிவளை: நனைக்க பைப் தண்ணி பாவிக்கலாமா?

பதில்: அப்பிடியே பாவிக்காதீங்க. ஒரு நாள் திறந்து வச்சா குளோரின் போயிடும், குளோரமைன் (குளோரினோட அமோனியா சேர்ந்த கிருமிநாசினி) இருந்தா போகாது. மீன் கடையில குளோரின் எடுக்கிற மருந்து இருக்கு, போத்தல்ல போட்ட அளவுக்கு விடுங்க.

வத்தளை: மரத்தூள் சும்மா கிடைக்குது அக்கா?

பதில்: வேணாம். பைன், சீடர் மாதிரி வாசம் வாற மரமெண்டா இன்னும் மோசம், அந்த எண்ணெய் தோலுக்கு கூடாது.

பம்பலப்பிட்டி: தூள்ல வெள்ளையா பூஞ்சணம், மணமும் வருது.

பதில்: முழுசா மாத்துங்க, தொட்டிய சுடுதண்ணியில கழுவுங்க, சோப் வேணாம். கொழும்புக் காத்திலயே ஈரம் கூட, அதால மேல்பக்கம் காயாம இருக்கிற நாளையில திரும்பத் தண்ணி தெளிக்காதீங்க, மூடியில காத்து போக வழி வைங்க. மாத்தும் வரைக்கும் தவளைய ஈரமான கிச்சன் டவல்ல வைங்க, சாயம், வாசனை இல்லாததா எடுத்து தினமும் மாத்தணும். புதுசா வாங்கிற தவளைக்கும் முதல் கொஞ்ச நாளைக்கு அதுதான் நல்லம், கழிவு போகுதா இல்லையா எண்டு தெளிவா தெரியும்.

மட்டக்குளி: எங்கட பாத்ரூமுக்கு மரத்தவளை ஒண்டு வருது, மகனுக்கு தொட்டியில வளக்க ஆசை.

பதில்: பிடிக்காதீங்க அக்கா. நம்ம நாட்டுத் தவளைகள்ல நிறைய வேற எங்கயும் இல்லாதது, சட்டத்தாலயும் பாதுகாப்பு இருக்கு. மகன் பக்கத்தில இருந்து பாக்கட்டும், கழுவுற மருந்தும் பிளீச்சும் மட்டும் அது இருக்கிற நேரம் ஊத்தாதீங்க.